மிதிக்காமல் விட்ட மூலை

பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள், மரக்காணம் உப்பளத்தில் மாயவனின் வலது குதிகால் ஓர் ஆமையின் முதுகைத் தொட்டது. தொட்ட நொடியிலேயே அது ஆமை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை.

அன்று மிதி நாள். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்து சேறாகிப்போன பாத்தியில் உப்பு விளைய வேண்டுமானால், முதலில் தரை கெட்டிப்பட வேண்டும். இல்லையென்றால் பாய்ச்சுகிற உப்புத்தண்ணீரையெல்லாம் தரையே குடித்துவிடும். அதற்கு மனிதக் கால்தான் வேண்டும். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று, அடி அடியாக மிதித்து நகர்வார்கள். ஒரு கால் பதிந்த தடத்தின் மேல் அடுத்த காலின் பாதி விழ வேண்டும். ஒரு சாண் இடம் விட்டுப்போனாலும் அது பின்னால் தானே காட்டிக்கொடுத்துவிடும். வரிசையின் கடைசி ஆள் மாயவன். ஓரமும் மூலையும் அவன் பொறுப்பு.

மிதிக்கிறவனுக்குக் கால்தான் கண். கல் குத்தும். செத்த மீன் வழுக்கும். பாம்பு என்றால் மறு மூச்சுக்குள் நெளிந்து ஓடிவிடும். இது எதையும் செய்யவில்லை. நடுவில் சட்டியின் பின்புறம் போலக் கெட்டியாக இருந்தது. ஓரம், ஊறிய செருப்புத்தோல் போல மெத்தென்று மடங்கியது. அந்த ஓரம் எங்கே முடிகிறதென்று கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான். போய்க்கொண்டே இருந்தது. முறத்தைவிடப் பெரியது.

“இன்னாண்ணா நின்னுட்ட? கால்ல முள்ளா?” பக்கத்தில் நின்ற சகாயமேரி கேட்டாள். இருபது வருஷமாக இந்த அளத்தில் மிதிக்கிறவள். மாதா கோயில் தெருக்காரி. அவள் வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவார்.

“ஆமாம்மா. கருவ முள்ளு.”

“முள்ளுக்கா இப்டி வேர்க்குது? பேயப் பாத்தவன் மாதிரி நிக்கற?”

அவன் சிரிக்க முயன்றான். காலை அகலமாக எடுத்து, அந்த இடத்தைத் தாண்டி வைத்தான். வரிசை நகர்ந்தது. மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சேறு மிதிபடாமல் நின்றுவிட்டது.

அந்த ஆமைக்குப் பயந்து அவன் விலகவில்லை. சேற்றையும் தண்ணீரையும் பார்த்து அவன் குடும்பத்தில் யாரும் பயந்ததில்லை. மாயவன் இருளர். கழுவெளி ஏரி ஓரத்துக் குடியிருப்பில் இருபத்துமூன்று வீடுகளில் ஒரு வீடு அவனுடையது. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் நண்டும் மீனும்தான் அடுப்பில் ஏறும். ஏழு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில், அவன் வைத்த மீன் பறிக்குள் ஒரு சின்னப் பாலாமை புகுந்திருந்தது. தின்பதற்காகத்தான் எடுத்துப் போனான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வழியில் வனத்துறை ஜீப் ஒன்று நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். நாற்பத்தொரு நாள் கழித்து ஜாமீனில் வெளியே வந்தான்.

ஆமையைக் காக்கச் சட்டம் வேண்டும். அதை மறுக்கிறவன் மடையன். ஆனால் ஆமை வாழ்கிற ஏரிக்குள் லாரி லாரியாக மண் கொட்டி மனை போட்டு விற்றவர்கள் பெயரில் இதுவரை யாரும் ஒரு காகிதம் எழுதியதில்லை. சாக்கில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்தவன் ஏழு வருஷமாக வாய்தாவுக்கு நடக்கிறான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது. இப்போது பிப்ரவரி பதினொன்றாம் தேதி தீர்ப்பு. இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீலம்மா கீதாஞ்சலி போனில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

“அண்ணா, கேக்குதா? மூணு வருஷத்துலருந்து ஏழு வருஷம் வரைக்கும் போட முடியும். தப்பிக்க வழி இருக்குது. ஆனா பதினொண்ணாம் தேதி வரைக்கும் எந்த ஆமை பக்கமும் போயிடாதீங்க. போட்டோவுலகூடப் பாக்காதீங்க.”

மிதி நாள் சாயங்காலம் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவன் கை வைக்கவில்லை.

“யோவ், சோறு எறங்கலியா?” என்றாள் அவன் பெண்டாட்டி பாப்பாத்தி.

“அளத்துல ஆமை இருக்குது.”

அவள் முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து குரலை இறக்கினாள். “பாத்தியா?”

“மிதிச்சேன்.”

“கையால தொட்டியா?”

“இல்ல. கால்தான் பட்டுச்சு.”

“அப்ப நீ பாக்கல. மிதிக்கல. முள்ளு குத்திச்சு. சோத்தத் துன்னுட்டுப் படு.”

“வியாழக்கெழம மோட்டார் போடறாங்க பாப்பாத்தி.”

அவளுக்குப் புரியவில்லை. மோட்டார் பாய்ச்சுகிற உப்புத்தண்ணீர் அந்த ஆமையை என்ன செய்யும் என்பது அவனுக்குத்தான் தெரியும். அந்த ஆமை இந்த ஊருடையது அல்ல. கார்த்திகைப் புயலில் மேற்கே ஏரிகள் உடைந்து, வானூர்ப் பக்கமிருந்து வந்த வெள்ளம் கழுவெளியை நிரப்பி, அளத்து வரப்புகளையும் அறுத்துக்கொண்டு கடலுக்குப் போனதே, அந்த வெள்ளத்தில் ஏதோ ஓர் ஆற்று மடுவிலிருந்து உருண்டு வந்திருக்க வேண்டும். மடுவின் அடிச்சேற்றில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, குழாய் போன்ற மூக்கின் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்குகிற உயிர் அது. மூச்சு வாங்க எழும்பாமல் நெடுநேரம் கிடக்கவும் அதனால் முடியும். தண்ணீரில் கலந்திருக்கும் காற்றைத் தோலாலும் தொண்டையாலும் உறிஞ்சிக்கொள்ளும். மழைத்தண்ணீர் நின்ற பாத்தி அதற்குக் குளம் மாதிரி. தண்ணீர் வடிந்தபோது மூலைச் சேற்றுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டது. கடலாமைக்குக் கண் வழியே உப்பைக் கழிக்கத் தெரியும். இதற்கு அது கிடையாது. மேலே கெட்டிச் செதிலும் கிடையாது. ஓட்டைப் போர்த்தியிருப்பது வெறும் தோல். உப்புத்தண்ணீர் வந்து அந்தத் தோலைச் சூழ்ந்தால் உடம்பிலிருக்கிற நீரையெல்லாம் இழுத்துவிடும்.

“செத்துதுன்னா மெதக்கும்” என்றான். “மெதந்துச்சுன்னா போட்டோ எடுப்பாங்க. பன்னெண்டு பேரு மிதிச்சோம். அந்தப் பன்னெண்டுல ஆமைக் கேசு யாரு பேருல இருக்குது?”

பாப்பாத்தி எழுந்துபோனாள். சாத்திய கதவில் தாழ்ப்பாளையும் போட்டாள்.

தொட்டாலும் ஜெயில், தொடாவிட்டாலும் ஜெயில். இரண்டு நாளும் இதையே சுற்றிச் சுற்றி நினைத்தான். சொல்லிவிடலாம் என்றால், யாரிடம்? ஆமை இருக்கிறது என்று ஓர் இருளன் வந்து சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். தூக்கிக்கொண்டுபோய் ஏரியில் விடலாம் என்றால், அரை மூட்டை உப்பு கனம் இருக்கும் அதை ஒற்றை ஆளாக எந்தச் சாலை வழியே தூக்கிப் போவது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற ஒவ்வொரு காரிலும் நான்கு செல்போன். உப்பளத்தைப் படம் பிடிக்காமல் அவர்களால் போக முடியாது.

வேலைக்கு வராமல் நின்றுவிட்டால்? நின்றவன் மேல்தான் முதலில் கை நீளும். வந்தான். இரண்டாம் மிதியிலும் அவனே ஓரத்தில் நின்றான். வேறு யாராவது அந்த மூலைக்கு வந்தால் முந்திக்கொண்டு குறுக்கே போய் நின்றான். சேற்றுக்கு மேல் ஓரிடத்தில், சுண்டுவிரல் தடிமனில் ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. பார்ப்பதற்கு ஒடிந்த கோரைத்தண்டு போல இருந்தது. அதன் நுனியில் இரண்டு ஓட்டை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உள்ளே போனது. அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

புதன்கிழமை காலை மேஸ்திரி மோகன் வரப்பு மேலே வந்து நின்றார். மோட்டார் போடுவதற்கு முன் கடைசிப் பார்வை. மிதிபட்ட தரை சாணம் மெழுகியது போல மினுங்கியது. மூலையில் மட்டும் களி கொழகொழத்து நின்றது.

“ஏம்பா மாயவா, இது இன்னா? ஒரு கட்டில் அளவுக்கு அப்டியே வுட்டு வச்சிருக்க? தண்ணி உட்டா மொத்தமும் இங்கியே பூடும். ரெண்டு மிதியா எங்க பாத்துகினு இருந்த?”

“அங்க முள்ளு கெடக்குது மேஸ்திரி.”

“உப்பளத்துல ஏதுய்யா முள்ளு?”

“ரெண்டு நாளா அந்த அண்ணன் அந்த மூலையச் சுத்தி மாமியார் வூட்டுல நடக்கற மாப்பிள்ள மாதிரிதான் நடக்குது” என்றாள் சகாயமேரி. “இரு, நான் மிதிக்கறேன்.”

“வேணாம்மா!”

அவன் கத்திய வேகத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அதற்குள் அவள் கால் வைத்துவிட்டாள். வைத்த காலுக்கடியில் தரை எழுந்தது.

சேறு வட்டமாகப் பிளந்து, ஒரு சாய்ந்த தட்டு போல முதுகு மேலே வந்தது. பச்சையும் கருப்பும் கலந்த தோல், ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. சகாயமேரி “மாதாவே!” என்று அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தாள். யாரோ முதலை என்றார்கள். பத்துப் பேரும் வரப்புக்கு ஓடினார்கள். அப்போதுதான் கழுத்து வெளியே வந்தது. இவ்வளவு தட்டையான உடம்புக்குள் இவ்வளவு நீளக் கழுத்து எங்கே இருந்தது என்று கேட்கும்படி, முழங்கை நீளத்துக்கு நீண்டு வளைந்து, நீட்டிய மூக்கால் காற்றை முகர்ந்தது.

“ஆமைடா!” மோகனின் முகம் வெளுத்துவிட்டது. “ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னான்? சீசன் ஆரம்பிக்கற நாளு பாத்து வந்திருக்குதே. அந்தக் கடப்பாறைய எடு. அடிச்சி இங்கியே பொதச்சிடலாம்.”

அமீனாவைக் கடன் கூட்டி வரும். ஆமையை வெள்ளம் கூட்டி வரும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிய வாய் எதுவோ, அதன் புண்ணியத்தில் இந்த நாட்டில் எத்தனை ஆமைகள் கடப்பாறைக்கு இரையானதோ. மோகன் வயிற்றுப்போக்கு வந்தாலும் நாள் நட்சத்திரம் பார்ப்பவர்; ஆனால் கெட்ட மனுஷர் இல்லை.

“அட்ச்சா கேசு மேஸ்திரி” என்றான் மாயவன். அவன் அதற்குள் வரப்பின் மேலே ஏறி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தான். “பொதச்சாலும் கேசு. பொதச்சவன வுட்டுடுவாங்க. என்னத்தான் தேடி வருவாங்க.”

எல்லோருக்கும் அவன் கேஸ் தெரியும். சேற்றை வழித்துக்கொண்டே சகாயமேரி எழுந்தாள்.

“அதான் ரெண்டு நாளா முள்ளா? எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா உனக்கும் தெரியும்னு ஆவும். தெரிஞ்சவங்களுக்கும் கேசுதான்.”

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கையைத் தட்டினாள். “ஏய், தார்ப்பாய் எடுத்தாங்க. நாம தூக்கறோம். கேசு போடட்டும், பதினோரு பேரு மேலயும் போடட்டும், ஜெயிலு சோறு எப்டி இருக்குதுன்னு பாத்துட்டு வருவோம். ஜெனிதா, நீ போன்ல எடு. மொதல்லருந்து கடேசி வரைக்கும் எடு. ஒரு நிமிஷம் உடாத. அண்ணா, நீ எறங்காத. அங்கருந்தே எப்டிப் புடிக்கறதுன்னு மட்டும் சொல்லு.”

அவன் சொன்னான். “வாலுப் பக்கம் புடிங்க. பின்னங்காலுக்கு முன்னால, ரெண்டு பக்கமும் ஒரு பள்ளம் இருக்கும். அதுலதான் புடி. பக்கவாட்டுல வேணாம், கழுத்து திரும்பி வரும். பல்லு கெடையாது, ஆனா வாயி அருவா மாதிரி.”

இரண்டு தடவை தூக்கி இரண்டு தடவையும் விட்டார்கள். ஈரத்தோல் வழுக்கியது. மூன்றாம் தடவை, கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு மோகனும் இறங்கினார். “ஒரு ஆமையத் தூக்கப் பத்துப் பேரா? தள்ளுங்க” என்று முன்பக்கத்து ஓரத்தில் கை கொடுத்தார். மாயவன் “மேஸ்திரி, அங்க வேணாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் கழுத்து பின்னால் சுழன்று வந்தது.

மோகன் கத்திய சத்தத்தில் பக்கத்துப் பாத்தியிலிருந்த நாரைகள் எழும்பின. வலது கையின் இரண்டு விரல்கள் அதன் வாய்க்குள் இருந்தன. இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. ஒருத்தி அதன் தலையில் அடித்தாள். அது இன்னும் அழுத்தியது. சேற்றில் ரத்தம் சொட்டியது.

மாயவன் வரப்பில் நின்றான். மிதி வரிசையிலேயே சின்னவளான ஜெனிதாவின் போன் அவனுக்கு நேரே இருந்தது. பதினொன்றாம் தேதி, நாற்பத்தொரு நாள், சுவரோரம் காலை மடக்கிப் படுத்த இடம், வாய்தா நாளில் கோர்ட் வாசலில் பாப்பாத்தி நிற்கிற நிலை, எல்லாம் ஒன்றாக வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டன. முதுகுக்குப் பின்னால் ஒரு கை மற்ற கையை விடவில்லை.

“மாயவா! வெரலு போவுதுய்யா!”

கைகள் எப்போது பிரிந்தன என்று அவனுக்குத் தெரியாது. சேற்றில் குதித்திருந்தான். “இழுக்காதீங்க. கையோட தண்ணிக்குள்ள எறக்குங்க. எறக்குங்கன்றேன்!” பாத்திக்குப் பக்கத்து வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர். மோகனின் கையையும் ஆமையையும் சேர்த்துப் பிடித்து அதற்குள் அமிழ்த்தினான். அடிவயிற்றின் வெளுத்த தோல் அவன் உள்ளங்கையில் சில்லென்று பட்டது. அதற்குள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. தன்னுடையதா அதனுடையதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயந்துபோய்த்தான் கடித்திருக்கிறது. தண்ணீர் தலையை மூடியதும், இனி ஓடிவிடலாம் என்று தோன்றியதோ என்னவோ, வாய் திறந்தது.

விரல்கள் இருந்தன. எலும்பு தெரிந்தது.

பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் அவனே பின்பக்கம் பிடித்தான். தார்ப்பாயில் ஏற்றி, நான்கு முனையும் எட்டுப் பேர் தூக்க, ஏரித்தண்ணீர் கழுவெளியில் வந்து சேருகிற மேற்கு வாய்க்கால்வரை முக்கால் மணி நேரம் நடந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சகாயமேரி வாயில் விட்டுப் பார்த்தாள். உப்பில்லை. கரையில் மணல் திட்டு இருந்தது. முட்டை வைக்க இது வேண்டும் என்றான் மாயவன். கோலி போல உருண்டையாக, வெள்ளை வெளேரென்று மணலுக்குள் வைக்கும். அதிலிருந்து வருகிற குஞ்சு முட்டையிடுகிற வயசுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். இவ்வளவு பெரிசாக வளர இது எத்தனை பேர் கைக்குத் தப்பியதோ, யாருக்குத் தெரியும். தார்ப்பாயைச் சரித்தார்கள். அது அவசரப்படாமல் இறங்கியது. ஒரு வட்டக் கலங்கல், அவ்வளவுதான்.

திரும்பும்போது ஜெனிதா பக்கத்தில் வந்தாள். “அண்ணா, நீங்க குதிக்கற எடத்த மட்டும் வெட்டிடட்டா? யாருக்கும் தெரியாது.”

அவன் கீதாஞ்சலிக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

“தொட்டீங்களா அண்ணா?”

“தொட்டேம்மா. ரெண்டு கையாலயும்.”

“சரி. எதையும் வெட்டச் சொல்லாதீங்க. இன்னிக்கே வனத்துறை ஆபீசுக்குப் போய் நீங்களே எழுதிக் குடுங்க. வேற யாராவது வாட்ஸப்ல போட்டு அவங்க உங்களத் தேடி வர்றதுக்கு முன்னாடி நீங்க போயிடணும். பயமா இருக்கா?”

“இருக்குது.”

“எனக்குந்தான்” என்றாள் அவள்.

விரல்களுக்குத் தையல் போட்டுக்கொண்டு வந்த மோகன், ஷேர் ஆட்டோவில் அவனோடு ஏறினார். சகாயமேரியும் ஏறினாள். அந்த அலுவலகத்தின் வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதே ஜீப் இல்லை. ஆனாலும் மாயவன் அதைச் சுற்றிக்கொண்டுதான் வாசலேறினான். உள்ளே மேஜைக்குப் பின்னால் செந்தமிழ் என்று பெயர்ப் பட்டை குத்திய இளம்பெண் இருந்தாள். வீடியோவை முழுதாகப் பார்த்தாள். ஓட்டின் அகலம், மூக்கின் வடிவம், விட்ட இடம், எல்லாம் கேட்டாள். இந்த அளவில் இந்தப் பக்கம் ஒன்றைப் பார்த்ததாகத் தனக்குத் தெரிந்து பதிவே இல்லை என்றாள். பிறகு பேரைக் கேட்டாள். அப்பா பேரைக் கேட்டாள். கேட்டதும் அவள் பேனா ஒரு கணம் நின்றது. அந்தப் பேர் அங்கே ஏற்கெனவே ஒரு கேஸ் கட்டுக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்தது.

ஒரு பக்கம் எழுதி அவன் பக்கம் திருப்பினாள். “இங்க கையெழுத்துப் போடுங்க.”

அவன் பேனாவை எடுக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னும் இப்படித்தான் ஒரு தாளைத் திருப்பினார்கள். கட்டை விரலை வைத்தான். ஜெயிலுக்குள் போன பிறகுதான், அதில் நான்கு ஆமை என்று எழுதியிருந்ததை வேறொரு கைதி படித்துச் சொன்னான். மற்ற மூன்று யாருடையவை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. யாரோ தப்பிக்க அவன் கணக்கில் ஏறிய ஆமைகள்.

இப்போது கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கினான். அதை மேஜைக்கடியில் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

“படிச்சுக் காட்டுங்கம்மா” என்றான்.

“எல்லாம் நீங்க சொன்னதுதான்.”

“இருக்கட்டும். மொதல்லருந்து. சத்தமா.”

செந்தமிழ் அவனைப் பார்த்தாள். சகாயமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மோகன் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.